பன்னிரண்டாம் தேதிப் பொய்

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் பல் தேய்க்கப் பின்பக்கம் போனபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். சுவரோரம் வைத்திருந்த குப்பைப் பையை நாய் இழுத்துப் போட்டிருந்தது. நேற்று நான் செய்தித்தாளில் சுற்றிப் போட்ட பொட்டலம் பிரிந்து கிடந்தது. உள்ளே இருந்த நாப்கின் வெள்ளையாக இருந்தது. ஒரு சொட்டுக் கறைகூட இல்லை.

ஓடிப் போய் அள்ளி மறுபடி சுற்றினேன். பக்கத்துப் போர்ஷன் அத்தை குழாயடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தாள். பார்த்தாளா? பார்த்திருந்தால் கேட்டிருப்பாள். அத்தை கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. ஒருவேளை அம்மாவிடம் கேட்பதற்காக வைத்திருக்கிறாளோ?

இன்று எனக்கு இரண்டாம் நாள். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாழ்வாரத்தில் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வயிறு வலிக்கவில்லை.

எனக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

அத்தை பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்று அம்மாவிடம் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். "ரேஷன்ல சக்கர போட்றதுகூட தேதி தள்ளிப் போவுது. ஒம்பொண்ணு தள்ள மாட்டேங்குறா கலைமணி. பன்னெண்டுன்னா பன்னெண்டுதான்."

அம்மா பெருமையாகச் சிரித்தாள். "அந்த வெசயத்துல எம்பொண்ணு கரெக்ட்டு அண்ணி."

தட்டோடு எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இட்லி மாவு விற்கிற வீடு; இன்று கிரைண்டர் என்னுடையது. அம்மா இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். மூன்று நாளும் இருபது படி அரிசியைத் தனியாகக் கழுவி, ஊறவைத்து, ஆட்டி, மாவு அள்ளிக் கொடுத்து அவள் இடுப்பு போய்விட்டது. தூரமான பெண் மாவைத் தொட்டால் வாங்குகிறவர்கள் வாங்க மாட்டார்கள். அதனால் நான் தொடக் கூடாது. நான் தூரமாகவே இல்லை. தொட்டிருக்கலாம். இந்த ஆறு மாதமும் தொட்டிருக்கலாம்.

யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். பத்தாவதில் கணக்கில் தவறிவிட்டேன், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. அப்போது வாங்கிய நோட்டு இது. பாதிக்கு மேல் வெறும் தாள்தான்.

போன ஆகஸ்டில் வரவில்லை. தள்ளிப் போகும் என்று இருந்துவிட்டேன். செப்டம்பர் முதல் வாரம் அத்தை என் முன்னாலேயே அம்மாவிடம் கேட்டாள், "இவ கடைசியா எப்ப குளிச்சா?" அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை. அதற்கு முன் அம்மா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. அத்தை போனதும், "ஏதாவது இருந்தா எங்கிட்ட சொல்லிடுடி" என்றாள்.

என்ன இருக்கும்? மாவு வாங்க வருகிறவர்களை நான் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஒரு வாரம் அந்தப் பார்வையோடு இருந்தேன். பன்னிரண்டாம் தேதி காலை, "அம்மா, நான் தூரம்" என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் தளர்ந்தது. ஒரு தடவைதான் என்று நினைத்தேன். அடுத்த மாதம் நிஜமாகவே வந்துவிடும் என்று நினைத்தேன்.

வரவில்லை. அதற்குப் பதிலாகத் தாடையில் முடி வருகிறது. தைத்த சுடிதார் எல்லாம் இறுக்குகிறது. கழுத்தின் பின்பக்கம் கறுத்துப் போய்விட்டது. அம்மா பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறாள். "அழுக்காடி இது? போவவே மாட்டேங்குதே."

தைராய்டாக இருக்கும் என்று அவளே முடிவுசெய்துவிட்டாள். புதன்கிழமை கடலூரில் ஒரு லேடி டாக்டரிடம் போகிறோம். இங்கே சிதம்பரத்திலேயே பார்க்கலாமே என்றேன். "அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரில நம்ம தெருவுல பாதி வேல செய்யுது. ஒனக்கு மீச வருதுன்னு நானே ஊருக்குச் சொல்லணுமா?" என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

டாக்டர் தேதி கேட்பாரா? கேட்டால் பன்னிரண்டு என்றுதான் சொல்ல வேண்டும். பொய்யை வைத்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? செத்துப் போவேனா?

பிப்ரவரி 19, புதன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆறரை பஸ். மஞ்சக்குப்பத்தில் இறங்கி நடந்தோம். டாக்டர் அம்மாவைவிட வயதில் சிறியவர். என் கழுத்தைப் பார்த்தார். தாடையைத் திருப்பிப் பார்த்தார். "பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?"

கேட்டது என்னை. அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் கரெக்ட்டா வந்துடும் டாக்டர். இந்த மாசம் பன்னெண்டாந்தேதி. போன மாசமும் பன்னெண்டுதான். மாறவே மாறாது."

டாக்டர் எழுதினார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டு மறுபடி என் கழுத்தைப் பார்த்தார். ஏதோ பொருந்தவில்லை என்பதுபோல உதட்டைக் கடித்தார். "சரி, வெயிட் பாத்துட்டு வாங்க. தைராய்டு டெஸ்ட் எடுத்துடலாம்."

எடை பார்க்கிற இடம் பக்கத்து அறை. நர்ஸ் பெயர் பிரிசில்லா. எழுபத்தொன்று என்று சொல்லி எழுதினார். நான் எடை மெஷினை விட்டு இறங்கவில்லை.

"சிஸ்டர்."

"என்னாம்மா?"

"அது பொய்."

"எது?"

"பன்னெண்டாந்தேதி."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். ஏழு மாதம், தாழ்வாரம், செய்தித்தாள், எல்லாம். சிஸ்டர் திட்டவில்லை. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகக் கேட்டார். "யாராவது ஒன்ன ஏதாவது பண்ணாங்களா? பயப்படாம சொல்லு. வெளிய போவாது."

"சத்தியமா இல்ல சிஸ்டர்."

"சரி. டாக்டர்ட்ட நான் சொல்றேன். அம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

அம்மாவைக் கூப்பிட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எனக்கு ஜூலைக்கு அப்புறம் வரவே இல்லம்மா. சும்மா சொன்னேன்."

அம்மா முதலில் சிரித்தாள். "என்னாடி ஒளர்ற? தாவாரத்துல ஒனக்கு சோறு போட்டது யாரு, நான்தான?" பிறகு அவளுக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. ஒரே ஒரு சொல்தான் கேட்டாள்.

"யாரு?"

"யாருமில்லம்மா."

"யாருடி?"

"யாருமே இல்லம்மா..."

"அப்ப எதுக்குடி மறச்ச?"

நீ பார்த்த பார்வைதான் என்று எப்படிச் சொல்வேன்?

சிஸ்டர் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துப் பாத்ரூமைக் காட்டினார். நாள் தள்ளிப் போய் வருகிற எல்லோருக்கும் எடுப்பதுதானாம். பாதி வெளியே சிந்தியது. எதுவுமே நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பயமாக இருந்தது. அதில் தப்பாக வந்துவிட்டால்? டெஸ்ட் தப்பு பண்ணாதா?

"ஒரு கோடுதான்மா. ஒண்ணும் இல்ல" என்று சிஸ்டர் கர்ப்பம் பார்க்கிற அட்டையை அம்மாவிடம் காட்டினார்.

அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லா பாத்தீங்களா சிஸ்டர்?"

அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. யாரு என்று கேட்டதைக்கூட மறந்துவிடுவேன்.

ரத்தம் எடுத்தார்கள். தண்ணீர் குடிக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த புதன் வரச் சொன்னார்கள். பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் எல்லாம் போனது. பேசவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கிரைண்டர் சத்தம் மட்டும்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பா நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தார். ஆலையில் அரவை நடப்பதால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வருவார். அம்மா அவரிடம் சொல்லிவிடுவாள் என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான். "தைராய்டு மாரி ஏதோ. டெஸ்ட்டு குடுத்துருக்கோம்." அப்பா என் தலையைத் தட்டிவிட்டுத் தூங்கப் போனார்.

என்னைக் காப்பாற்றினாளா, அவளுக்கே வெட்கமா?

பிப்ரவரி 26, புதன்

நீர்க்கட்டியாம்.

கட்டி என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. டாக்டர் மேஜையைத் தட்டினார். "இங்க பாரு இலக்கியா. பேருதான் கட்டி. வெட்டி எடுக்குற கட்டி கெடையாது. முட்டை முழுசா வளராம பாதியிலயே நின்னு போயி சின்னச் சின்னதா தங்கிருக்கு. ஒன் வயசுப் பொண்ணுங்க நெறைய பேருக்கு இருக்கு. ஒடம்புல இன்சுலின் சுரக்குது, ஆனா ஒடம்பு அது பேச்சக் கேக்க மாட்டேங்குது. அதனால இன்னும் ஜாஸ்தியா சுரக்குது. கழுத்து கறுக்குறது, முடி வளர்றது, தேதி நிக்கிறது எல்லாம் அதோட சேந்ததுதான். அழுக்கு இல்லம்மா அது, தேய்க்காதீங்க."

கடைசி வாக்கியம் அம்மாவுக்கு. அம்மா தலை குனிந்துகொண்டாள்.

இரண்டு மாத்திரை. ஒன்று ஐந்து நாளைக்கு மட்டும், நின்றதை வரவழைக்க. "அது மாத்திரையால வர்றது. கணக்குல சேராது. அப்புறம் தானா வரணும்" என்றார் சிஸ்டர். இன்னொன்று மெட்ஃபார்மின். இரவு சாப்பிட்ட பிறகு ஒன்று. ஒரு மாதம் கழித்துக் காலையிலும் ஒன்று. எத்தனை மாதம் என்று அம்மா கேட்டாள். பார்க்கலாம் என்றார் டாக்டர். இட்லி, தோசை, சோறு குறைக்க வேண்டும். தினம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

"நாங்க மாவு விக்கிறவங்க டாக்டர்" என்றாள் அம்மா.

"விக்கிறது வேற, திங்கிறது வேறம்மா."

மருந்துக் கடையில் அட்டையைக் கையில் கொடுத்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த மாத்திரை. நூறு தடவை இதே கையால் பிதுக்கி எடுத்திருக்கிறேன்.

சபாபதி மாமாவின் மாத்திரை.

பிப்ரவரி 27, வியாழன்

மாமா அத்தையின் வீட்டுக்காரர். பக்கத்துப் போர்ஷன்தான். ராத்திரி சாப்பிட்டதும் "ஏ மருமவளே, மாத்திர" என்று குரல் கொடுப்பார். நான் போய் அட்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். இதே வெள்ளை, இதே பெரிசு. சர்க்கரை வியாதியில் முதலில் கால் சுண்டுவிரல் மரத்துப் போனது. பிறகு புண். பிறகு விரலை எடுத்தார்கள். பிறகு முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். போன வருஷம் அவரே போய்விட்டார்.

எனக்குச் சர்க்கரை இல்லை என்று டாக்டர் சொன்னார். இல்லாதவளுக்கு எதற்கு இந்த மாத்திரை? சொல்லாமல் மறைக்கிறார்களா? இல்லை, மாத்திரை போட்டால்தான் அது ஆரம்பிக்குமா?

நேற்றிரவு அம்மா மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு எதிரிலேயே நின்றாள். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன். "வாயத் தொற" என்றாள். திறந்தேன். அவள் உள்ளே போனதும் பின்பக்கம் போய் வாய் கொப்பளித்தேன். கழனித் தண்ணீர் வாளி அங்கேதான் இருக்கிறது. அதில் துப்பிவிட்டேன்.

ஐந்து நாள் மாத்திரையைப் போடுகிறேன். அது மாமா போடாதது.

மார்ச் 3, திங்கள்

இன்றும் துப்பினேன். காலையில் எழுந்ததும் சுண்டுவிரல் இரண்டையும் கிள்ளிப் பார்க்கிறேன். வலிக்கிறது. நல்லது.

மார்ச் 7, வெள்ளி

வந்தது. மாத்திரையால் வந்தது. ஏழு மாதம் கழித்து. வலி தாங்கவில்லை, ஆனாலும் ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அம்மா உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பாத்ரூம் கதவைச் சாத்தினாள்.

"காட்டு."

"அம்மா..."

"காட்டுடி."

காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மறுபடி உளுந்து கழுவப் போய்விட்டாள்.

எனக்குப் பதினேழு வயது.

மார்ச் 10, திங்கள்

அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. தினம் ராத்திரி நான் வாயைத் திறந்து காட்டுகிறேனே, அதுவும் பொய்தானே? அவள் சந்தேகப்படுவது சரிதானே?

ஆனால் விரல்... மாமா ராத்திரியெல்லாம் கத்துவார். இல்லாத கால் வலிக்கிறது என்று கத்துவார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

மார்ச் 15, சனி

பெரிய தப்பு பண்ணிவிட்டேன். என்னுடைய தப்புதான்.

பால்காரச் சின்னம்மாள் காலையில் பால் கொண்டுவரவில்லை. பத்து மணிக்கு வெறும் கையோடு வந்தாள். மாடு படுத்துக்கொண்டதாம். நேற்றிலிருந்து கழிகிறதாம், வயிறு உப்பிக் கிடக்கிறதாம். "கண்ணுகுட்டியக்கூட அண்ட விட மாட்டேங்குதுக்கா" என்று அழுதாள். டாக்டர் வந்து ஊசி போட்டிருக்கிறார். பிழைக்குமா என்று தெரியாதாம்.

எங்கள் வீட்டுக் கழனித் தண்ணீர் அவளுக்குத்தான் போகிறது. தினம் காலையில் வாளியோடு எடுத்துப் போய் அந்த மாட்டுக்குத்தான் ஊற்றுகிறாள்.

பதினேழு மாத்திரை.

பதினேழு நாள் ஒரு வாயில்லா ஜீவனுக்கு மாமாவின் மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன். அதன் காலுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? செத்துவிட்டால்? அவளுக்கு அந்த ஒரு மாடுதான்.

சொல்ல வேண்டும். சொன்னால் அம்மா இனிமேல் என்னை எதிலும் நம்பவே மாட்டாள். சொல்லாவிட்டால் மாடு என்ன தின்றது என்று டாக்டருக்குத் தெரியாது.

இதை எழுதி முடித்துவிட்டுப் போய்ச் சொல்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

சொன்னேன். நேற்று மத்தியானம்.

அம்மா மாவு அள்ளிக்கொண்டிருந்தாள். "அம்மா, சின்னம்மாக்கா மாட்டுக்கு மாத்திர குடுத்தது நான்தான்" என்றேன். அழுகையில் சரியாக வரவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முழுதும் கேட்டாள். கரண்டியை வைத்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அட எரும! மாட்டுக்கு சக்கர வந்துரும்னு பயந்தியா?"

கண்ணைத் திறந்தேன். சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போன் போடச் சொன்னாள். பிரிசில்லா சிஸ்டரின் நம்பர் சீட்டில் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டோம்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு, அதுவும் ஒரு வாளித் தண்ணியில கரைஞ்சதா? அந்த மாடு எத்தன கிலோ இருக்கும்? அத்தனாம் பெரிய மாட்டுக்கு அது எங்கம்மா பத்தும்? இருந்தாலும் மாட்டு டாக்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லிடு. மாடு வேற என்னா தின்னுச்சுன்னு மொதல்ல கேளு."

பிறகு எதற்காகத் துப்பினேன் என்று கேட்டார். மாமாவின் காலைச் சொன்னேன்.

"கண்ணு, கால எடுத்தது மாத்திரையால இல்ல. சக்கர வருசக்கணக்கா கட்டுக்குள்ள இல்லாததால. ஒனக்குச் சக்கர இல்ல. ஒன் ஒடம்பு இன்சுலின் பேச்சக் கேக்கணும்னுதான் இந்த மாத்திர. சாப்ட்டு போடு. வெறும் வயித்துல போடாத. கொஞ்ச நாளு கொமட்டும், கலக்கும். நிக்கலன்னா எனக்குப் போன் பண்ணு. வாளியில போடாத."

அம்மாவே போய்ச் சின்னம்மாளிடம் சொன்னாள். மாட்டு டாக்டருக்கும் போன் போட்டார்களாம். மாடு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டியிருந்த சோற்றைத் தின்றிருக்கிறது. இன்று எழுந்து நின்றுவிட்டது.

சாயங்காலம் அம்மா உளுந்து புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ரெண்டு பொய்யாச்சுடி. இனிமே நீ எது சொன்னாலும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் நம்புவேன் போலருக்கு. அது எனக்கே புடிக்கல."



மார்ச் 17, திங்கள்

விழுங்கினேன். தொண்டையில் இறங்குவது தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. இன்னும்.

மார்ச் 19, புதன்

நான்கு தடவை போனேன். வயிறு சுத்தமாகக் காலி. காலையில் வாந்தியும். பின்பக்கம் குனிந்து நிற்கும்போது அத்தை வந்துவிட்டாள்.

"என்னாடி காலங்காத்தால வாந்தி?"

அந்தக் குரல். அம்மா உள்ளிருந்து வேகமாக வந்தாள்.

"மாத்திர ஒத்துக்கல அண்ணி. நீர்க்கட்டி இருக்கு அவளுக்கு. ஏழு மாசமா வரல. டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சு." அட்டையையே எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, இதுதான்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பன்னிரண்டாம் தேதியை மட்டும் சொல்லவில்லை. ஆனால் அத்தைக்குக் கணக்குத் தெரியாதா? என்னை ஒரு பார்வை பார்த்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவுரு மாத்திர" என்றாள். குரல் மாறியிருந்தது.

"இதப் பாத்துதான் பயந்துட்டா. மாமாவுக்குக் கால் போச்சேன்னு."

"அவுரு எங்கடி போட்டாரு? நீ எடுத்துக் குடுத்துட்டு அந்தாண்ட போவ, இவுரு ஜன்னல் வழியா வீசுவாரு. செத்த பெறவு ஜன்னலுக்குக் கீழ கூட்டுனேன். கொத்தாக் கெடந்துது. யாருகிட்ட சொல்லுவேன்?" மூக்கை உறிஞ்சினாள். "நீ ஒழுங்கா முழுங்கு."

போகும்போது திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னாள். "நீர்க்கட்டின்னா புள்ள தங்காதும்பாங்க. நல்ல டாக்டரா பாருங்க."

அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

சிஸ்டருக்குப் போன் போட்டுப் பிள்ளை விஷயம் கேட்டேன். அம்மா பாத்ரூம் போன நேரம் பார்த்து, ரகசியமாக. "ஒனக்கு வயசு பதினேழு. எத்தன பேரு பெத்துருக்காங்க இதோட. இப்ப நடக்குற வேலையப் பாரு" என்றார்.

நடக்கிற வேலைக்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். இனி நான்கு தெருவில் வீடு வீடாகப் போய் மாவு கொடுக்க வேண்டும். "நடந்த மாரியும் ஆச்சு, யாவாரமும் ஆச்சு." கதவைத் தட்டி "மாவு" என்று கூப்பிட வேண்டும். முதல் வீட்டில் கால் மணி நேரம் நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மா தற்செயலாகக் கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்து, "யாரு நீ, பூன மாரி நிக்கிற?" என்றாள்.

ஏப்ரல் 12, சனி

பன்னிரண்டு. ஒன்றும் இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தைகூட.

ஏப்ரல் 27, ஞாயிறு

குமட்டல் குறைந்துவிட்டது. காலை மாத்திரையும் தொடங்கிவிட்டது. அம்மா எனக்கு மட்டும் கேழ்வரகு அடை சுடுகிறாள். மாவுக்காரி வீட்டில் இட்லிக்கு ஏங்குகிறேன்.

சுண்டுவிரலைக் கிள்ளுவதை நிறுத்த முடியவில்லை. காரணம் இல்லை என்று தெரிகிறது. தெரிந்தும் கிள்ளுகிறேன்.

மே 21, புதன்

கடலூர். எடை அறுபத்தெட்டு. டாக்டர் சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. மூன்று மாதமாகப் போகிறது, இன்னும் தானாக வரவில்லை. "சில பேருக்கு ஆறு மாசம்கூட ஆவும்" என்றார்.

வராமலேயே போய்விட்டால்?

ஜூன் 13, வெள்ளி

வேறு ஒரு பயம் வந்துவிட்டது. வராமல் போய்விடுமோ என்பதைவிட இது பெரிது. வந்தால் அம்மா நம்புவாளா?

போன தடவை போலக் கதவைச் சாத்திக்கொண்டு காட்டு என்பாளா? ஒவ்வொரு மாதமும்? கல்யாணம் ஆகிறவரை? நான் செய்ததற்கு அது சரிதான். ஆனால் இன்னொரு தடவை அப்படி நிற்க என்னால் முடியாது. செத்துவிடுவேன். நிஜமாக எழுதுகிறேன்.

அம்மா இப்போதெல்லாம் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. மறந்துவிட்டாளா, விட்டுவிட்டாளா? கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

ஊரெல்லாம் ஆனித் திருமஞ்சனக் கூட்டம். மாவு பத்தவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை நடக்கிறேன். இன்று ஒரு வீட்டில் என்னை அறியாமல் சத்தமாக "மாவு!" என்றேன். நானே திடுக்கிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

இரண்டு நாளாக இடுப்பு வலி. மார்பு கனக்கிறது. அதுவாக இருக்குமா? சொல்லலாமா? வேண்டாம். சொல்லிவிட்டு வராவிட்டால் அது மூன்றாவது பொய் ஆகிவிடும்.

ஜூலை 9, புதன்

காலை ஐந்தரைக்கு வந்தது. தானாக. மாத்திரையால் வந்தது இல்லை, கணக்கில் சேர்கிறது.

பாத்ரூமில் ரொம்ப நேரம் நின்றேன். கதவைத் திறக்க முடியவில்லை. அம்மா கிரைண்டர் பக்கம் இருந்தாள். நான் உள்ளே போகக் கூடாது என்பதால் நிலைப்படியிலேயே நின்றேன்.

"அம்மா."

திரும்பிப் பார்த்தாள்.

"வந்துடுச்சும்மா. தானா வந்துருக்கு."

கிரைண்டரை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். போன தடவையும் அப்படித்தான் கையைத் துடைத்தாள். அவள் கேட்பதற்குள் நானே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"காட்டட்டுமா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம்.

"வேணாம்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். விரலில் உளுந்து மாவு ஒட்டியிருந்தது. தூரமானவளைத் தொட்டுவிட்டோம் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. நானும் சொல்லவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்குதும்மா."

"அடை சுட்டு வச்சிருக்கேன். சாப்ட்டு மாத்திரையப் போடு. நடக்க முடியுமா இன்னிக்கு?"

"மாவு எப்படி..."

"மாவு வேணாம். நான் குடுத்துக்குறேன். நீ சும்மா நடந்துட்டு வா."

சாப்பிட்டேன். மாத்திரை போட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெறும் கையோடு கீழவீதி வரை நடந்துவிட்டு வந்தேன்.